பால்போல் கலங்கும் சீரம்

திருப்பூர் மாவட்டத்தில் கோழி என்றாலே பல்லடம். பல்லடம் என்றாலே கறிக்கோழி. முட்டைக்கோழிக்கு நாமக்கல்தான். ஆனால் காங்கேயம் பக்கம் திரும்பிய இடமெல்லாம் கொப்பரைக் களமும் எண்ணெய் மில்லும். அதனால்தான், லேயர் பண்ணைகளுக்குத் தீவனக் கணக்குப் போடும் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: "ஏனுங்க, தேங்கா எண்ணெய் ஊத்துனா கோழிக்குக் கொழுப்பு ஏறிருமுங்களா?"

ஏறுவதும் இறங்குவதும் இருக்கட்டும், முதலில் ரத்தத்தைப் பார்க்க வேண்டும். 15 வார இளங்கோழியின் இறக்கைச் சிரையில் ரத்தம் எடுத்து உறையவிட்டால் சீரம் தெளிவாக நிற்கும். அதே கோழி முட்டைக்கு வந்த பிறகு எடுத்தால் பால்போலக் கலங்கியிருக்கும். புதிதாகப் பார்ப்பவர் நோய் என்று பதறுவார். நோயில்லை, வேலை நடக்கிறது. ஈஸ்ட்ரோஜன் கூடியதும் ஈரல் கொழுப்பை நுண்துகள்களாகக் கட்டி ரத்தத்தில் அனுப்புகிறது. வளரும் மஞ்சள் கரு அதை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்கிறது. நம் லிப்பிட் ரிப்போர்ட்டின் கணக்கு இங்கே செல்லாது.

நாம் தின்னும் கொழுப்பு பெரும்பாலும் நிணநீர் வழியே சுற்றிக்கொண்டு போகும். கோழிக்கோ குடலிலிருந்து நேரே ஈரலுக்கு. ஆகவே எண்ணெயின் குணம் முதலில் அங்கேதான் தெரியும். சூரியகாந்தி, சோயா எண்ணெய்களில் லினோலிக் அமிலம் அதிகம். ஈரல் தானாகக் கொழுப்பு தயாரிப்பதை அது ஓரளவு மட்டுப்படுத்தும். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம், லினோலிக் சொற்பம். தீவனத்தில் லினோலிக் 1 சதவீதமாவது இல்லாவிட்டால் முட்டை சைஸ் அடிவாங்கும். மக்காச்சோளம் தாராளமாக இருக்கும்வரை கவலையில்லை. சோளம் விலையேறி அரிசிக் குருணையைக் கூட்டும் மாதங்களில் காங்கேயத்து எண்ணெய் அந்தக் குறையை ஈடுகட்டாது.

எந்த எண்ணெய் ஊற்றினாலும் ஒரு முட்டையின் கொலஸ்டிரால் சுமார் 200 மில்லிகிராமை ஒட்டியே நிற்கும். குஞ்சு உருவாக அது தேவை. கோழி எளிதில் விட்டுத்தராது. மாறுவது கொழுப்பு அமிலங்களின் கலவைதான். ஆளி விதை கொடுத்தால் மஞ்சள் கருவில் ஒமேகா-3 ஏறும். அளவு மீறினால் மீன் வாடையும் ஏறும். "கொலஸ்டிரால் இல்லாத முட்டை" என்று போர்டு வைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

நான் பயப்படுவது ஈரலுக்கு. சித்திரை வெயிலில் கூண்டில் நன்றாக முட்டையிட்டுக்கொண்டிருந்த கொழுத்த கோழி திடீரென்று செத்துக்கிடக்கும், கொண்டை வெளுத்திருக்கும். அறுத்தால் ஈரல் மஞ்சளாக, விரல் பட்டாலே உதிரும். வயிற்றுக்குள் ரத்தக் கட்டி. பழி எண்ணெய்மேல் விழும். எண்ணெய் வெயிலுக்கு நல்லதுதான்: செரிக்கும்போது உடல்சூடு குறைவு, தீவனம் குறைவாகத் தின்றாலும் எரிசக்தி கிடைத்துவிடும். ஆனால் கிலோவுக்குக் கிலோ சோளத்தைவிட இரண்டரை மடங்கு எரிசக்தி அதில் இருக்கிறது. சோளத்தைக் குறைக்காமல் எண்ணெயை மட்டும் கூட்டினால், அது எந்த மில்லிலிருந்து வந்திருந்தாலும் மிச்சம் ஈரலில்தான் போய்ச் சேரும்.