யாயாவின் கொச்சானி

நார்த்தங்காய் வரத் தொடங்கினால் எனக்கு நிக்கோசியா ஞாபகம் வந்துவிடுகிறது. நாங்கள் அதைச் சுருள் சுருளாக அரிந்து உப்பில் ஊறப்போடுவோம். அங்கே யாயா கசப்பு ஆரஞ்சின் தோலைத் தடிமனாகச் சீவி, மூன்று நான்கு முறை தண்ணீர் மாற்றிக் கொதிக்கவிட்டுக் கசப்பை எடுப்பார். பிறகு ஒவ்வொரு துண்டையும் சுருட்டி, ஊசி நூலில் மாலையாகக் கோத்துப் பாகில் விடுவார். கோத்தால்தான் சுருள் பிரியாது. அவருக்குக் கண் மங்கிவிட்டதால் ஊசிக்காதில் நூல் நுழைத்துக் கொடுப்பது என் வேலை. வீட்டுக்கு யார் வந்தாலும் சின்னத் தட்டில் ஒரு சுருள், பக்கத்தில் ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீர். "மோர்ஃபு ஆரஞ்சாக இருந்தால் இன்னும் மணக்கும்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

யாயா என்றால் கிரேக்கத்தில் பாட்டி. சைப்ரஸில் அவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் 2008இலிருந்து ஆறு வருஷம் இருந்தேன். அகதிகளுக்காக அரசு கட்டிக்கொடுத்த குடியிருப்பில் இரண்டு அறை வீடு. அந்த வீட்டின் மேல் எனக்கு ஏக்கம் இல்லை. நான் ஏங்குவது, வடக்கே மோர்ஃபு ஊரில் யாயா விட்டுவந்த, என் கண்ணால் ஒருமுறைகூடப் பார்க்காத வீட்டுக்காக. வாசல் வளைவு, கிணற்றடி எலுமிச்சை, மூன்றாவது படியில் உடைந்த மூலை, கதவோரம் மல்லிகைக் கொடி எல்லாம் எனக்குத் தெரியும். சைப்ரஸ்காரர்களும் மல்லிகையைத் தொடுப்பார்கள். நான் வேகமாகத் தொடுப்பதைப் பார்த்த அன்றுதான் யாயா என்னை முதன்முதலாக "கோரி மூ" என்றார். என் மகளே என்று அர்த்தம்.

1974 ஜூலை 15ஆம் தேதி கிரேக்க ராணுவ ஆட்சியின் தூண்டுதலில் அங்கே ஆட்சிக்கவிழ்ப்பு. 20ஆம் தேதி துருக்கிப் படை வந்து இறங்கியது. ஆகஸ்டில் அது மோர்ஃபுவை நெருங்கியபோது யாயா இரண்டு பிள்ளைகளையும் ஒரு கம்பளியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். போட்டோ ஆல்பத்தை எடுக்கப் போனவரைக் கணவர் தடுத்து, தகரப்பெட்டியைக் கையில் கொடுத்தாராம். உள்ளே கொச்சானி இருந்தது. நம் ஊர்ப் பட்டா மாதிரி, நிலம் இன்னாருடையது என்று சொல்லும் காகிதம். "காகிதம் இருக்கிறது, கோரி மூ. கல்யாணப் போட்டோ ஒன்றுகூட இல்லை."

சுமார் 1,60,000 கிரேக்க சைப்ரஸ்காரர்கள் அப்படித் தெற்கே வந்தார்கள். 40,000க்கும் மேற்பட்ட துருக்கிய சைப்ரஸ்காரர்கள் வடக்கே போனார்கள். அவர்களில் பலர் 1963 கலவரத்திலேயே ஒருமுறை ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள். இந்த இரண்டாவது பாதியை யாயா வீட்டில் யாரும் சொல்லமாட்டார்கள். யாயா மட்டும் சொல்வார், ஏனென்றால் அப்படி வடக்கே போன ஒரு பெண்ணை அவர் பார்த்திருந்தார்.

2003 ஏப்ரல் 23இல் தீவை வடக்கு தெற்காகப் பிரித்திருந்த எல்லைக்கோட்டைத் திறந்துவிட்டார்கள். யாயாவும் வரிசையில் நின்று, 29 வருஷத்துக்குப் பிறகு தன் வீட்டுக் கதவைத் தட்டினார். திறந்தவர் பாஃபோஸ் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த துருக்கியப் பெண். உள்ளே கூப்பிட்டுக் காபி போட்டுக் கொடுத்திருக்கிறார். தெற்கே விட்டுவந்த வீட்டுக்கும் நிலத்துக்கும் புள்ளி கணக்கிட்டு, அதற்கு ஈடாக வடக்கு நிர்வாகம் இந்த வீட்டை அவருக்கு எழுதிக்கொடுத்திருந்தது. அவரும் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினாராம். அவர்கள் பேசும் துருக்கிய மொழியிலும் அதற்குப் பேர் கொச்சான்தான். ஒரே வீட்டுக்கு இரண்டு கொச்சானி, நடுவில் காபி. கிளம்பும்போது ஒரு பை நிறைய ஆரஞ்சு. "என் மரத்து ஆரஞ்சை எனக்கே கொடுத்தாள். நன்றி சொன்னேன். வேறென்ன சொல்ல?"

அடுத்த வருஷம், தீவை மறுபடி ஒன்றாக்கும் ஐ.நா.வின் அன்னான் திட்டத்துக்கு வாக்கெடுப்பு. அது நிறைவேறியிருந்தால் மோர்ஃபு கிரேக்கர் பக்கம் திரும்பியிருக்கும். யாயா ஆமென்று போட்டார், மகன் இல்லையென்று போட்டார். கிரேக்கர்களில் 76 சதவீதம் மகன் பக்கம். துருக்கியர்களில் 65 சதவீதம் ஆமென்றார்கள். ஆமென்றால் அந்தப் பெண் இன்னொரு முறை மூட்டை கட்ட வேண்டியிருந்திருக்கும். "அவள் எப்படிப் போட்டிருப்பாள்?" என்று நான் அங்கே இருந்த கடைசி மாதம் வரை யாயா கேட்டுக்கொண்டே இருந்தார்.

வீட்டில் பெரிய சண்டை, மனு போடுவதா வேண்டாமா என்பதில்தான். கைரீனியாவைச் சேர்ந்த டிட்டினா லோயிசிடு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் துருக்கிக்கு எதிராக 1996இல் ஜெயித்தார். நிலம் இன்னும் அவருடையதுதான் என்று தீர்ப்பு. அதைப் பார்த்து ஏராளமானோர் வழக்குப் போட்டார்கள். பிறகு வடக்கிலேயே சொத்து ஆணையம் ஒன்று 2006இல் வேலையைத் தொடங்கியது. திருப்பித் தருவது, மாற்றுச் சொத்து, இழப்பீடு என்று மூன்று வழி. 2010இல் அதே நீதிமன்றம், முதலில் அங்கே போங்கள் என்றது. இத்தனை வருஷமாகக் குடியிருப்பவர்களையும் எண்ணிப் பார்க்காமல் வெளியேற்ற முடியாது என்றும் சொன்னது.

2013 மார்ச்சில், நிதி நெருக்கடியில் வங்கிகள் மூடிக்கிடந்த நாட்களில், மகன் அந்த ஆணையத்திடம் இழப்பீடு கேட்கும் மனுவோடு வந்தார்.

"கையெழுத்துப் போட்டால் வீடு போய்விடும்" என்றார் யாயா.

"அது எப்போதோ போய்விட்டது, அம்மா."

"காகிதத்தில் போகவில்லையே."

மகனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கையில் கடன் இருந்தது, யாயா கையில் கொச்சானி இருந்தது. நான் இருந்தவரை யாயா கையெழுத்துப் போடவில்லை.

செப்டம்பர் 2 மோர்ஃபுவில் புனித மாமாஸ் திருநாள். 2004 முதல் அந்தக் கோயிலில் வழிபாடு நடத்த அனுமதி கிடைத்தது. யாயா ஊர்க்காரர்களோடு பஸ்ஸில் போய்வருவார். சிங்கத்தின் மேல் உட்கார்ந்த புனிதரைக் கும்பிட்டுவிட்டு, தெருவோடு நடந்து போய், கதவைத் தட்டாமல் திரும்பிவிடுவாராம். எல்லை தாண்டினால் விசாவுக்கு ஆபத்து என்று என்னை அனுப்பிய முகவர் பயமுறுத்தியிருந்ததால் நான் ஒருமுறையும் போகவில்லை. அந்தப் பயத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. சாயங்காலம் வாசலில் காத்திருப்பேன். யாயா வந்து உட்கார்ந்ததும் முதலில் செருப்பைக் கழற்றித் தரச் சொல்வார். அடியில் ஒட்டியிருக்கும் மண்ணை நான் துடைக்கக்கூடாது.

நான் ஊர் திரும்பி இரண்டாவது வருஷம் யாயா போய்விட்டார். தெற்கே ஒரு கல்லறையில் இருக்கிறார். கொச்சானி இப்போது மகன் பேரில். மனு என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை.

போன வாரம் நார்த்தங்காய்த் தோலைப் பாகு காய்ச்சிச் செய்து பார்த்தேன். "இதற்குப் போய்ச் சர்க்கரையா?" என்றார் என் மாமியார். சுருட்டி முடித்து, ஊசியில் நூலை நுழைத்ததும், பழக்கத்தில் கை தானாக வலப்பக்கம் நீண்டது.