திரை முழுக்க ‘ஆர்’

இரவு 11 மணி. கல்லூரி விண்ணப்பம் வாங்கும் தளம். மறுநாள் கடைசித் தேதி. தளம் திறக்கவில்லை. ஆனால் அதன் சர்வரைக் கவனிக்கும் அவளுக்கு எதிரே இருக்கும் திரையில் ஒரு பதற்றமும் தெரியவில்லை. சிபியு சும்மா கிடக்கிறது. மெமரி பாதிக்கு மேல் காலி. டிராஃபிக் கிராஃப் தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது.

“கூட்டமே இல்லையேக்கா, அப்புறம் ஏன் தொங்குது?” பின்னால் நிற்கும் பையன் கேட்கிறான்.

அவள் பதில் சொல்லவில்லை. கட்டைவிரல் நகத்தால் மேசை விளிம்பைச் சுரண்டிக்கொண்டே லாக்கைத் திறக்கிறாள். கடைசி வரி விழுந்து வெகுநேரம் ஆகிவிட்டது. வெப் சர்வரான அப்பாச்சியின் ஸ்டேட்டஸ் பக்கமும் வர மறுக்கிறது. அதைக் கொடுக்கவும் ஒரு வொர்க்கர் காலியாக இருக்க வேண்டுமே. சர்வீஸை ரீஸ்டார்ட் செய்த கையோடு பக்கத்தைத் தட்டுகிறாள். கிடைத்துவிட்டது. காலி இடங்களைக் காட்டும் புள்ளிகள் மீது ஒவ்வொன்றாக ‘ஆர்’ என்ற எழுத்து முளைக்கிறது. நாலைந்து ரிஃப்ரெஷ்ஷுக்குள் திரை முழுக்க ‘ஆர்’, ‘ஆர்’, ‘ஆர்’.

“ராஜமௌலி படம் மாதிரி இருக்குக்கா!”

சிரிக்க ஆளில்லை. ‘கோரிக்கையைப் படித்துக்கொண்டிருக்கிறேன்’ என்பதற்கு அப்பாச்சி போடும் குறிதான் அந்த ‘ஆர்’.

“ஸ்லோலோரிஸ்டா” என்கிறாள்.

2009-இல் ராபர்ட் ஹேன்சன் வெளியிட்ட சின்ன பெர்ல் ஸ்கிரிப்ட். அந்த ஆண்டு ஈரான் தேர்தல் கலவரத்தின்போது அரசுத் தளங்கள் மீதே ஏவினார்கள். முண்டியடிக்கும் கூட்டம் இதற்குத் தேவையில்லை. ரேஷன் கடைக் கவுண்டரை மறித்துக்கொண்டு, கார்டை எடுக்கிறேன் எடுக்கிறேன் என்று பையையே துழாவும் ஆசாமி போதும். இந்த ஸ்கிரிப்ட் நூற்றுக்கணக்கில் இணைப்பு திறக்கும். ஹெடரில் அவ்வப்போது ஒரு வரி அனுப்பும். முடிந்தது என்று சொல்லும் வெற்று வரியை மட்டும் அனுப்பவே அனுப்பாது. ஓர் இணைப்புக்கு ஒரு வொர்க்கர் கட்டுண்டு கிடப்பார். ப்ரீஃபோர்க் முறையில், யாரும் மாற்றாவிட்டால், மொத்தமே 256 பேர். அப்பாச்சியின் 60 விநாடிப் பொறுமையும் ஒவ்வொரு துளி வரும்போதும் புதிதாகத் தொடங்கும். ஒரு லேப்டாப் போதும்.

“ஐபியை பிளாக் பண்ணட்டா?”

“பண்ணு. வேற ஐபியில வருவான்.”

கான்ஃபிக் கோப்பில் தேடுகிறாள். விரல் நிற்கிறது. மெதுவாக வரும் கோரிக்கையைத் துண்டிப்பதற்கென்றே இருக்கும் ரெக்டைம்அவுட் மாட்யூலின் வரிக்கு முன்னால் ஒரு ஹேஷ் குறி. பக்கத்தில் யாரோ எழுதிய குறிப்பு: ‘அப்லோடு கம்ப்ளைன்ட், தற்காலிகமாக ஆஃப்’.

எழுதியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிக்னல் இல்லாத ஊரிலிருந்து மதிப்பெண் சான்றிதழை ஏற்றும் பிள்ளையும் மெதுவாகத்தான் அனுப்பும். சர்வருக்கு இரண்டு மெதுவும் ஒன்றுதான். ஆனால் ஹெடர் சில நூறு பைட் சமாச்சாரம். எவ்வளவு மோசமான சிக்னலிலும் சில விநாடிகளில் வந்துவிடும். தாமதமாவது கோப்புதான். பூட்டைக் கழற்றுவதற்குப் பதில், இந்த இரண்டையும் பிரித்திருக்க வேண்டும்.

அவள் பிரிக்கிறாள். ஹேஷை அழித்து, ஹெடருக்கு 20 விநாடி. 500 பைட் வந்தால் ஒரு விநாடி கூடுதல். எப்படியும் 40-ஐத் தாண்டக் கூடாது. கோப்பு வரும் பாடிக்கு மட்டும் தாராளமாக விடுகிறாள். அந்தத் தாராளத்திலும் புகுந்து, படிவத்தைத் துளித்துளியாக அனுப்பும் தாக்குதல் உண்டு. அதற்குத்தான் என்ஜின்எக்ஸை முன்னால் நிறுத்தப்போகிறாள். கோரிக்கை முழுசாகச் சேர்ந்த பிறகே உள்ளே தள்ளும்.

ரீஸ்டார்ட். லாக்கில் 408, 408 என்று, நேரம் கடந்து துண்டிக்கப்பட்ட கோரிக்கைகளின் வரிகள் கொட்டுகின்றன. நடுநடுவே நல்லபடி முடிந்த 200-களும்.

சர்வர் வைத்திருப்பவர்களே, நாளைக் காலை கான்ஃபிக்கை ஒருமுறை திறந்து, ‘தற்காலிகமாக’ என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள்.