கார்டில் விழுந்த ஒற்றைக் கோடு

பிரெவே வரை பிரெஞ்சில் படித்த எனக்கு, பழைய பிரெஞ்சுப் பத்திரங்களைப் படிக்க ஆள் வேண்டும் என்ற காரணத்தால்தான் பத்திரப்பதிவில் குமாஸ்தா வேலை கிடைத்தது. 32 வருஷம் அங்கே உட்கார்ந்திருந்தேன். நான் அதிகம் எழுதிய வார்த்தை எதுவென்று கேட்டால் 'நில்' என்பேன். வில்லங்கச் சான்றில் ஒரு வில்லங்கமும் இல்லை என்றால் எழுதுகிற 'நில்'. பழைய பிரெஞ்சுக் காகிதங்களில் இதையே 'நேயான்' என்று எழுதியிருப்பார்கள். ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

ஒரு நாள் ஒருவர் கையில் அந்தச் சான்றோடு வந்து என் மேஜையைத் தட்டினார். 13 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்து, 'நில்' என்று வந்ததும் ஒரு வீட்டை வாங்கிவிட்டார். குடிபோகும் நேரத்தில், விற்றவருடைய அத்தை வெளியே போக மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டார். அவருக்கு ஆயுள் வரை அங்கே குடியிருக்கும் உரிமை கொடுத்த ஒரு செட்டில்மெண்ட் பத்திரம், 20 வருஷத்துக்கு முந்தையது, இருந்தது.

"நீங்கதானே சார் ஒண்ணுமில்லன்னு எழுதிக் கொடுத்தீங்க?"

"நீங்க கேட்ட 13 வருஷத்துக்கு ஒண்ணுமில்லன்னு எழுதினோம்" என்றேன்.

பதில் சரிதான். சட்டப்படியும் சரி. அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அன்று எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

சில வருஷத்துக்கு முன் ஓர் ஐப்பசி மழையில் என் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. மழைக்காய்ச்சல் என்று நிலவேம்புக் கஷாயமும் பாராசிட்டமாலும் கொடுத்து நாளைக் கடத்தினோம். ஆறாம் நாளும் விடவில்லை. தெருமுனையில் இருக்கும் லேபுக்கு போன் செய்தேன். ஒரு பையன் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போனான். அரை மணியில் கார்டையும் ரிப்போர்ட்டையும் கொண்டுவந்து காட்டினான். ஒரே ஒரு கோடு. "டெங்கு இல்லீங்க ஐயா, நெகட்டிவ்."

பள்ளிக்கூடத்தில் 'நெகாத்தீஃப்' என்றால் நல்ல வார்த்தை இல்லை. அன்று அது தேனாக இருந்தது. பாரீஸில் இருக்கும் மகளுக்கு போன் போட்டு, ஒன்றுமில்லை, பயப்படாதே என்றேன்.

மறுநாள் காலையில் காய்ச்சலும் இறங்கியிருந்தது. எனக்கு இரட்டிப்பு நிம்மதி. ரசம் சாதம் பிசைந்து வைத்தேன். வேண்டாம், வயிறு வலிக்கிறது என்றாள். வெறும் வயிறு, அப்படித்தான் இருக்கும் என்றேன். மூன்று தடவை வாந்தி எடுத்தாள். பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பலவீனம், தூங்கட்டும் என்று நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்மா, நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், பார்க்க வந்தார். மனைவியின் காலைத் தொட்டதும் முகம் மாறியது. கால் ஜில்லிட்டிருந்தது.

"அண்ணே, காய்ச்சல் என்னைக்கு ஆரம்பிச்சது?"

நான் கார்டை எடுத்து நீட்டினேன்.

"அதை வையுங்க. என்னைக்கு ஆரம்பிச்சது?"

விரல் விட்டு எண்ணினோம். ஏழு நாள். உடனே ஆட்டோ கொண்டுவரச் சொன்னார். ஆஸ்பத்திரியில் பிளேட்லெட் 40,000-க்கும் கீழே இருந்தது. இரவு முழுக்க சலைன் ஏற்றினார்கள். மறு பரிசோதனையில் டெங்கு என்றே வந்தது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

டாக்டரிடம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். அந்தக் கார்டு தேடுவது என்எஸ்1 என்ற ஒரு புரதத்தை. டெங்கு வைரஸ் பெருகும்போது அது ரத்தத்தில் கலக்கிறது. அது நன்றாகப் பிடிபடுவது காய்ச்சலின் முதல் ஐந்து நாளில்தான். முன்பே ஒரு முறை டெங்கு வந்தவர்களுக்கு அந்த நாட்களிலேயே பிடிபடாமலும் போகலாம். ஐந்து நாளுக்குப் பிறகு ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருளைத் தேட வேண்டும். அது வேறு பரிசோதனை. கார்டைவிட எலிசா முறையைத்தான் அரசாங்கமும் நம்பச் சொல்கிறது. கார்டில் 'சி' என்ற எழுத்துக்கு நேரே விழும் கோடு, கார்டு வேலை செய்தது என்று மட்டும் சொல்லும். 'டி'க்கு நேரே கோடு விழவில்லை என்றால், தேடிய பொருள் தேடிய அன்று கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று. டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது அப்போதுதான். கடுமையான வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கால் ஜில்லிடுவது, அசதி, இதில் எது வந்தாலும் கார்டு என்ன சொல்கிறது என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வலிக்கு ஆஸ்பிரின், புரூஃபென் கூடாது.

லேப் பையன் மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. கேட்கலாம் என்று தெருமுனை வரை போனேன். என்ன பதில் சொல்வான் என்று யோசித்தேன். "நீங்க கேட்ட டெஸ்டுக்கு நெகட்டிவ்னு சொன்னேன் ஐயா" என்பான். அதுவும் சரியான பதில்தான். திரும்பி வந்துவிட்டேன். அவன் எத்தனை நாள் காய்ச்சல் என்று கேட்டிருக்கலாம். எந்த வருஷத்திலிருந்து பார்க்கணும் என்று நானும் அன்று அந்த மனிதரைக் கேட்டிருக்கலாம்.

என் மனைவி குறை சொல்கிறவள் இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு தடவை சொன்னாள்: "அந்த அட்டையையே பார்த்துக்கிட்டு இருந்தீங்க. வயிறு வலிக்குதுன்னு நான் சொன்னது உங்க காதுல விழல."

இப்போது வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், முதல் நாளே தினசரிக் காலண்டரின் பின்அட்டையில் தேதியைப் பென்சிலால் குறித்து வைக்கிறேன். கடைசியாகக் குறித்தது போன மாதம், எனக்கே. குறித்தது அவள்தான்.