வண்ணம் தீட்டாத வீரர்கள்

தில்லி மாநகரின் தென்பகுதியில் அமைந்துள்ளது சரோஜினி நகர். மலிவு விலை ஆடைகள் விற்கும் சந்தையால் பலரும் இவ்வூரை அறிவர். ஆயினும், நடுவண் அரசு ஊழியர்களுக்காகக் கட்டப்பட்ட குடியிருப்பு என்பதே இதன் முதல் அடையாளம். முன்னாளில் இதற்கு வினய் நகர் என்று பெயர். பணியின் பொருட்டுத் தமிழகத்திலிருந்து வந்த குடும்பங்கள் பல, தலைமுறை தலைமுறையாக இங்கு வாழ்ந்துள்ளன. 2016ஆம் ஆண்டில் நடுவண் அமைச்சரவை, தில்லியின் ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்ட ஒப்புதல் அளித்தது. அவற்றுள் சரோஜினி நகரும் ஒன்று. பழைய வீடுகள் ஒவ்வொரு வரிசையாகக் காலியாயின.

அவ்வாறு காலியான வரிசை ஒன்றிலிருந்து மற்றொரு வரிசைக்கு இடம் பெயர்ந்தது ஒரு தமிழ்க் குடும்பம். பாத்திரங்களும் புத்தகங்களும் பழுதின்றி வந்து சேர்ந்தன. ஆனால் கொலுப் பொம்மைகள் இருந்த பெட்டி படிக்கட்டில் கை நழுவி விழுந்தது. பெட்டியைத் திறந்து பார்த்த பாட்டி நெடுநேரம் பேசவில்லை. தாத்தா மதுரைக்கு அருகிலுள்ள விளாச்சேரியில் வாங்கித் தில்லிக்குக் கொண்டுவந்த போர்ப்படை அதில் இருந்தது. யானைமேல் அமர்ந்த மன்னன் ஒருவன். வேலும் வாளும் ஏந்திய வீரர்கள் பதினைவர். மன்னன் உடைந்து போனான். வீரர்களுள் எண்மரும் உடைந்தனர். தாத்தா மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நவராத்திரிக்கு ஒரு மாதமே இருந்தது. மதுரையிலிருந்து மாமா தொலைபேசியில் அழைத்தார். "விளாச்சேரிக்குச் சென்று அதே போன்ற பொம்மைகளை வாங்கி அனுப்புகிறேன். வண்ணம் தீட்டியவை வேண்டுமா, சுட்ட மண் பொம்மைகளாகவே அனுப்பட்டுமா? வண்ணம் தீட்டியவற்றின் விலை கூடுதல்" என்று கேட்டார்.

பத்தாம் வகுப்பில் படிக்கும் அண்ணன், வண்ணம் தீட்டியவையே வேண்டும் என்றான். அரையாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டது. வண்ணமும் தூரிகையும் வாங்கினால் மிச்சமாகும் பணமும் செலவாகிவிடும். "நாம் தீட்டினால் அவர்கள் வீரர்களாகவா தெரிவார்கள்? காய்ச்சலில் கிடந்தவர்களாகத் தெரிவார்கள்" என்று சிரித்தான்.

ஏழாம் வகுப்பில் படிக்கும் தங்கைக்கு அதில் உடன்பாடு இல்லை. "தாத்தா வாங்கிய வீரர்கள் எழுவர் இன்னும் இருக்கிறார்களே, அண்ணா! அவர்களின் சிவப்பு மங்கிவிட்டது. அவர்களுக்கு அருகில் பளபளக்கும் எண்மரை நிறுத்தினால், வேறொரு நாட்டுப் படை வந்து நிற்பது போல் இருக்கும். நாமே தீட்டினால் அந்த மங்கிய சிவப்பையே கொண்டுவரலாம்" என்றாள்.

இவ்விருவரின் வழக்கு புதியதன்று. சிறிய வீரர் உருவங்களைக் கொண்டு போர் விளையாட்டு ஆடும் வழக்கம் மேலை நாடுகளிலும் உண்டு. 1893ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த வில்லியம் பிரிட்டன் என்னும் பொம்மைத் தொழிலர், உட்புறம் வெற்றிடமாக இருக்கும் ஈய வீரர்களை வார்க்கும் முறையைக் கண்டறிந்தார். ஈயம் குறைவாகச் செலவானதால் விலை குறைந்தது; கையால் வண்ணம் தீட்டப்பட்ட வீரர்கள் எளிய வீடுகளுக்கும் சென்றனர். எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ், இத்தகைய பொம்மை வீரர்களைக் கொண்டு ஆடுவதற்கான விதிகளை வகுத்து 1913இல் ஒரு நூலே எழுதினார். இன்றும் இவ்விளையாட்டில் ஈடுபடுவோருள் ஒரு சாரார், சாம்பல் நிற நெகிழி உருவங்களை வாங்கி நாட்கணக்கில் வண்ணம் தீட்டுகின்றனர். மற்றொரு சாரார், தீட்டியவற்றை வாங்கி அன்றே ஆடத் தொடங்குகின்றனர். எது சிறந்தது என்னும் வாதம் அவர்களிடையேயும் ஓயவில்லை.

பாட்டி இருவர் சொன்னதையும் கேட்டார். பின்னர்க் கொலுவின் மேல்படியில் வைக்கும் மரப்பாச்சி இணையை எடுத்துக் காட்டினார். "இவை என் திருமணத்தின்போது வந்தவை. உடை இல்லாமல் வெறும் மரமாகத்தான் வந்தன. ஆண்டுதோறும் பட்டு உடுத்தி, மணி கோத்து அணிவித்தது நான்தான். அதனால்தான் இவை நம் வீட்டுப் பொம்மைகள் ஆயின. வீரர்களை நீங்களே தீட்டுங்கள். மன்னன் மட்டும் வண்ணத்தோடு வரட்டும். கண் திறப்பது பழகிய கைக்கே உரிய வேலை" என்றார்.

பத்து நாட்களில், வைக்கோல் பொதிந்த பெட்டி ஒன்று வந்து சேர்ந்தது. மன்னன் பச்சைப் பட்டும் பொன் நிற முடியுமாக விளங்கினான். வீரர்கள் எண்மரும் செங்கல் நிறத்தில் இருந்தனர்.

தங்கை முதல் வீரனுக்கு நேரடியாகச் சிவப்பைப் பூசினாள். சுட்ட மண் வண்ணத்தை உறிஞ்சிக்கொண்டது. திட்டுத் திட்டாக ஒரு கறையே எஞ்சியது. மாமாவை அழைத்துக் கேட்டபோதுதான் முறை தெரிந்தது. முதலில் உப்புத்தாளால் தேய்த்து மேடுபள்ளங்களை நீக்க வேண்டும். பிறகு வெள்ளை பூசி நன்கு உலரவிட வேண்டும். அதன்மேல் உடலுக்கும் உடைக்கும் உரிய வண்ணங்கள், அவை உலர்ந்தபின் கச்சை, அணிகலன், வாள், இறுதியில் கண். ஒன்று உலராமல் மற்றொன்றைத் தொட்டால் இரண்டும் கெடும்.

தேர்வு முடிந்து தசரா விடுமுறை தொடங்கியது. வேண்டா வெறுப்பாக அருகில் வந்து அமர்ந்த அண்ணன், கச்சைகளைத் தான் தீட்டுவதாகச் சொன்னான். சிவப்போடு சிறிது பழுப்பைக் கலந்தால் தாத்தாவின் வீரர்களது நிறம் கிடைக்கும் என்பதையும் அவனே கண்டறிந்தான்.

கண் தீட்டும் வேளையில்தான் இடர் வந்தது. தங்கை மூச்சை அடக்கிக்கொண்டு தீட்டியும் முதல் வீரனின் ஒரு கண் பெரிதாகிவிட்டது. திருத்த முயன்றாள், அது மேலும் பெரிதாயிற்று. வீரன் எதையோ கண்டு திடுக்கிட்டவன் போல விழித்தான். அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். "நான் அப்போதே சொன்னேன்" என்றான். தங்கையின் கண்கள் கலங்கின.

பாட்டி அவ்வீரனைக் கையில் வாங்கிப் பார்த்தார். "போர்க்களத்தில் நிற்பவனுக்குத் திகைப்பு இருக்காதா, அம்மா? இருக்கட்டும். இப்போது அந்த மன்னனின் கண்ணைப் பாருங்கள்" என்றார்.

இருவரும் மன்னனைச் சன்னலருகே கொண்டுசென்று பார்த்தனர். பெட்டி வந்த நாள் முதல் அவன் அங்கேதான் இருந்தான். ஆனால் அவன் கண்ணை அவர்கள் பார்த்ததில்லை. மேல் இமை ஒரே கோடு. கீழ் இமை அதனினும் மெல்லிய கோடு. கருவிழி நடுவில் இல்லை. மேல் இமையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதனால்தான் அப்பார்வையில் அமைதி இருந்தது. எங்கும் திருத்திய அடையாளம் இல்லை. முகம் தெரியாத ஒருவர், கொலுக் காலத்தில் நாள் முழுவதும் அமர்ந்து, இப்படி எத்தனையோ கண்களைத் திறந்திருப்பார். அண்ணன் மெல்லச் சொன்னான்: "இந்தக் கோட்டுக்கா விலை கூடுதல் என்று மாமா சொன்னார்? எவ்வளவு கேட்டாலும் கொடுக்கலாம்."

வண்ணம் தீட்டிய பொம்மையை வாங்குவது தகுமா என்னும் வினாவுக்கு அவ்வீட்டில் கிடைத்த விடை அதுவே. வாங்கலாம், அந்த விலை, பல ஆண்டுகள் பழகிய ஒரு கைக்கு உரிய கூலி. அக்கூலி கிடைக்காவிட்டால் அக்கை வேறு தொழிலுக்குப் போய்விடும். ஆனால் ஒரு பொம்மைக்கேனும் தானே வண்ணம் தீட்டிப் பார்த்தவருக்குத்தான் அவ்விலையின் நியாயம் விளங்கும்.

நவராத்திரியில் அண்டை வீட்டார் பலர் வந்தனர். பஞ்சாபியரும் வங்காளியரும் மலையாளிகளும் சுண்டல் பெற்றுக்கொண்டு கொலுவைப் பார்த்தனர். தாத்தாவின் வீரர்கள் எழுவரும் புதிய வீரர்கள் எண்மரும் ஒரே படையாக நின்றனர். வந்தவர்களால் வேறுபாடு காண இயலவில்லை. ஒருவனை மட்டும் எல்லோரும் சுட்டிக்காட்டிச் சிரித்தனர்.

விசயதசமி இரவில், கொலு நிறைவுற்றதன் அடையாளமாக ஒரு பொம்மையைப் படுக்க வைப்பது வழக்கம். ஆண்டுதோறும் பாட்டி மரப்பாச்சியைப் படுக்க வைப்பார். இவ்வாண்டு அவ்வுரிமையைப் பேத்தியிடம் கொடுத்தார். அவள் திடுக்கிட்ட வீரனை எடுத்து மெல்லப் படுக்க வைத்தாள். அவன் கண்களை அகல விழித்தபடியே உறங்கினான்.

மறுநாள் பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கும்போது, ஒவ்வொரு வீரனையும் துணியில் இரண்டு சுற்றுச் சுற்றினான் அண்ணன். அடுத்த ஆண்டு கொலு எந்த வீட்டில் என்பது எவருக்கும் தெரியாது. பெட்டியை இம்முறை தானே தூக்கிவருவதாக அவன் சொல்லியிருக்கிறான்.