காற்றில் போன குத்து

ஞாயிறு, இரவு

'சார்பட்டா பரம்பரை' 2021-ல் வந்த பிறகுதான் வெளியூர்க்காரர்களுக்கு வடசென்னை பாக்ஸிங் தெரியும். எம்.கே.பி. நகரில் அது தாத்தா காலத்துப் பழக்கம். அக்கா மகன் இன்று ஸ்பாரிங்கில் இடக்கை ஜாப் விட்டிருக்கிறான். எதிராளி தலையைச் சாய்த்துவிட்டான். பையில் விழும் குத்தைப் பை நிறுத்தும். காற்றில் போன குத்தை முழங்கைதான் நிறுத்தியாக வேண்டும். கை நேரானதும் முழங்கை முனை எலும்பு, மேற்கை எலும்பின் பின்குழியில் போய் இடிக்கிறது. முன்பக்கத்துச் சவ்வும் தசையும் இழுபட்டுக் கிழிகின்றன. "கையப் பூட்டாதடான்னு எத்தினி வாட்டி சொல்றது" என்று மாஸ்டர் கத்தினாராம்.

திங்கள்

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே. எலும்பு முறியவில்லை, மூட்டும் விலகவில்லை. பெஞ்சில் பக்கத்தில் ஒரு சின்னப் பையன், மாடிப்படியில் கையூன்றி விழுந்தவன். அந்த வயதில் தசைநார் தாங்கிவிடும், முழங்கைக்குச் சற்று மேலே எலும்புதான் உடையும். டாக்டர் முதலில் தொட்டது உடைந்த இடத்தை அல்ல, மணிக்கட்டு நாடியை. ரத்தக்குழாய் அந்த முறிவை ஒட்டியே போகிறது. மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினால் விரல் சில்லிடும், அதை நீட்டினால் வலியில் உயிர் போகும். அப்படியே விட்டால் கை கோணி நின்றுவிடும். ஜெர்மன் டாக்டர் ஃபோல்க்மன் 1881-லேயே எழுதிவைத்த சங்கதி இது.

அக்கா மகனின் கை அளவுக்கு மீறி நீண்டது. கிரிக்கெட் பந்துவீச்சாளர் முரளிதரனுக்கு நேர்மாறு: பிறவியிலேயே முழங்கை முழுசாக நீளாது. பந்து வீசும்போது 15 டிகிரி வரை கை நிமிரலாம் என்று ஐ.சி.சி. 2005-ல் விதி கொண்டுவந்தது. நேர்கோட்டைத் தாண்டிப் பின்னால் வளைவது அந்தக் கணக்கில் சேராது.

புதன்

ஆயா நல்லெண்ணெயைக் காய்ச்சி எடுத்து வந்துவிட்டாள். "நல்லா உருவி உட்டா நாளைக்கே சரியாப்பூடும்." அக்காவும் அவள் கட்சி. இங்கேதான் வீட்டில் சண்டை. கிழிந்த தசைக்குள் ரத்தம் கட்டியிருக்கும்போது அழுத்தி உருவினால் அதற்குள்ளேயே எலும்பு வளரத் தொடங்கும். அப்புறம் கை மடங்கவும் மடங்காது, நீளவும் நீளாது. நம் ஊரில் முழங்கைகள் கெடுவது பாதி அடியால், மீதி அன்பால். துணியில் சுற்றிய ஐஸ், சில நாள் கழுத்துத் தொட்டில். அதன்பின் அவனே, வலி விட்ட அளவுக்கு, மடக்கி நீட்ட வேண்டும். பிறர் பிடித்து இழுக்கக் கூடாது.

ஆயாவிடம் அரைமணி நேரம் விளக்கினேன். எண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்: "அப்ப என் முட்டிக்காலுக்காவது போட்டு உடு."