ஏட்டிலிருந்து எடுத்த பெயர்

பெயரை ஏட்டில் எழுதுவது எளிது. அப்பெயருக்கு உரியவரை நினைவில் வைத்திருப்பதே கடினம். இவ்வுண்மையைப் பல ஆண்டுகளாக மறையுரையில் சொல்லி வந்த நமக்கு, அதனைச் சரியாகக் கற்பித்தது நமது பங்குப் பள்ளியின் கணினி ஒன்று.

நமது பள்ளியில் 20க்கு மேற்பட்ட கணினிகள் உள்ளன. அவற்றை ஒருங்கே ஆளும்பொருட்டு சர்வர் எனப்படும் தலைமைக் கணினி ஒன்று அலுவலக அறையில் இருக்கிறது. அதனுள் ஒரு பெயரேடு உண்டு. கணினித் துறையினர் அதனை டைரக்டரி என்பர். 2000ஆம் ஆண்டில் விண்டோஸ் 2000 உடன் அறிமுகமான ஆக்டிவ் டைரக்டரி என்னும் முறையில் அமைந்தது அது. எந்தக் கணினி நம்முடையது, எந்த ஆசிரியர் எந்தக் கோப்பைத் திறக்கலாம் என்பன எல்லாம் அவ்வேட்டைப் பார்த்தே முடிவாகின்றன. பெயர் இல்லாத கணினி நமது மேசைமீதே இருந்தாலும் அந்நியம். பெயருள்ள கணினி எவ்வளவு தொலைவில் இருந்தாலும் அது வீட்டுப் பிள்ளை.

அப்படி ஒரு பிள்ளை நமக்குத் தொலைவில் உண்டு. 40 கிலோமீட்டருக்கு அப்பால், மலையடிவாரக் கிளைப்பங்கில் உள்ள தொடக்கப் பள்ளியின் ஒரே கணினி அது. அருட்சகோதரி ஒருவரின் பொறுப்பில் இருக்கும் அக்கணினியை நமது பெயரேட்டில் சேர்த்தபோது, கணினி ஆசிரியர் ஒரு செய்தி சொன்னார். பெயர் பதிவாகும் நேரத்தில், ஏட்டுக்கும் கணினிக்கும் இடையே எந்த மனிதரும் அறியாத மறைச்சொல் ஒன்று உண்டாகிறது. வழக்கமான அமைப்பில் 30 நாளுக்கு ஒருமுறை கணினியே அதனைப் புதுப்பித்துக்கொள்ளும். ஆகவே பதிவு என்பது ஒரு பக்கம் எழுதி முடிக்கும் காரியமன்று. இருபுறமும் காக்கவேண்டிய உடன்படிக்கை. கணினி மொழியிலும் அதற்கு நம்பிக்கை உறவு என்றே பெயர்.

சென்ற ஆண்டு அவ்வாசிரியர் மற்றொரு யோசனையுடன் வந்தார். "ஃபாதர், பழுதாகிக் கழித்துவிட்ட கணினிகளின் பெயர்களும் ஏட்டில் கிடக்கின்றன. அவற்றை அப்படியே விடுவது பாதுகாப்பன்று. 90 நாள் தொடர்பு கொள்ளாத பெயர்களை எடுத்துவிடலாமா?" என்றார். நியாயமான யோசனை, உடனே இசைந்தோம். அந்த உற்சாகத்திலேயே பங்கின் குடும்பப் பதிவேட்டையும் கையில் எடுத்தோம். வெளியூர் சென்று திரும்பாதவர், கோவில் வரி நின்றுபோனவர், பல ஆண்டாகப் பாஸ்காவுக்கும் முகம் காட்டாதவர் ஆகியோர் பெயர்கள்மீது சிவப்பு மையால் கோடிட்டோம். ஒரு முற்பகலில் வேலை முடிந்தது. ஏடு தூய்மையாயிற்று என்று மகிழ்ந்தோம்.

மழைக்காலம் கழிந்ததும் மலையடிவாரத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. அருட்சகோதரி தமது கணினியை இயக்கியபோது, இந்தக் கணினிக்குரிய கணக்கு சர்வரில் இல்லை என்ற பொருளில் ஓர் அறிவிப்பு தோன்றி வழியடைத்துவிட்டதாம். "ஃபாதர், மூன்று மாதத்துக்கு மேலாக இங்கே ஒழுங்கான மின்சாரமும் இல்லை, இணைப்பும் இல்லை. நாங்கள் எங்கும் போய்விடவில்லையே! எங்களை ஏன் எடுத்துவிட்டீர்கள்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நாமும் சிரித்தோம். ஆயினும் அக்கேள்வி நெஞ்சில் முள்ளாகத் தங்கிற்று.

எடுப்பதற்கு ஒரு நொடி ஆயிற்று. மீண்டும் சேர்க்க ஒரு பிற்பகல் முழுதும் சென்றது. முதலில், பொது இணையத்தின் ஊடே நமது பள்ளிவரை விபிஎன் என்னும் தனிப்பாதை அமைக்கவேண்டியிருந்தது. அடுத்து, பெயர்களின் முகவரியை யாரிடம் கேட்பது என்று அக்கணினிக்குச் சொல்லவேண்டும். ஊரார் அனைவருக்கும் விடை கூறும் பொதுச் சர்வருக்கு நமது வீட்டுக்குள் இருக்கும் பெயர் தெரியாது. ஆதலால் நமது சர்வரையே கேட்கும்படி மாற்றினர். பின்னும் கதவு திறக்கவில்லை. காரணம் கடிகாரம்! நீண்ட நாள் அணைந்து கிடந்ததால் உள்ளிருக்கும் சிறு பேட்டரி தீர்ந்து, கணினி பல ஆண்டுக்கு முந்தைய தேதியைக் காட்டிக்கொண்டிருந்தது. கெர்பரோஸ் எனப்படும் அடையாளச் சரிபார்ப்பு முறை, இருபுறக் கடிகாரங்களும் 5 நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் பொதுவாக இசைவதில்லை. நேரத்தைத் திருத்தி, உரிமை பெற்ற ஆசிரியர் தமது கடவுச்சொல்லை இட்டபின்னரே பெயர் ஏட்டில் ஏறியது; கணினியை அணைத்து மீண்டும் இயக்கியதும் கதவு திறந்தது.

அன்று மாலை செபமாலை முடிந்ததும் ஒரு தாய் அறை வாயிலில் வந்து நின்றார். அவருடைய மகன் ஏழு ஆண்டாகத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறான். திருமணம் நிச்சயமாகி, ஓலை வாசிக்கத் திருமுழுக்குச் சான்றும் நமது கடிதமும் வேண்டி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறான். நமது உதவியாளர் குடும்பப் பதிவேட்டைப் புரட்டி, "உன் பெயர் இங்கே இல்லையே, தம்பி" என்று சொல்லிவிட்டார்.

"சாமி, அவன் திருப்பூருக்குத்தான் போனான்; கோவிலை விட்டுப் போகவில்லை. 'நம்ம கோவிலிலேயே என்னை எடுத்துட்டாங்கம்மா, நான் ரிஜிஸ்தர் ஆபீசில் முடிச்சுக்கறேன்' என்கிறான். நான் என்ன செய்வேன்?" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உதவியாளர்மீது குற்றமில்லை. அச்சிவப்புக் கோடு நமது கையால் இட்டது. நாணத்தால் சற்று நேரம் நமக்குப் பேச்சு எழவில்லை. பின்னர் அலமாரியைத் திறந்து திருமுழுக்குப் பதிவேட்டை எடுத்தோம். முன்னிருந்த பங்குத் தந்தையின் அழகிய கையெழுத்தில் அவன் பெயர் அங்கே இருந்தது. அதன் ஓரத்தில் திருமணக் குறிப்புக்கென விட்ட வெற்றிடம் காத்திருந்தது.

திருச்சபைச் சட்டத்தின் 535ஆம் எண், ஒருவரின் உறுதிபூசுதல், திருமணம் முதலியவற்றைத் திருமுழுக்குப் பதிவேட்டில் குறிக்கச் சொல்கிறது. திருமணம் வேறு பங்கில் நடந்தால், அப்பங்குத் தந்தை திருமுழுக்குப் பெற்ற பங்குக்குச் செய்தி அனுப்பவேண்டும் என்கிறது 1122ஆம் எண். இச்சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது 1983 நவம்பர் 27 அன்று. வியப்பு யாதெனில், அதே நவம்பரில்தான் அமெரிக்காவில் பால் மோக்கபெட்ரிஸ் என்பவர், இன்று இணையம் முழுதும் வழங்கும் டிஎன்எஸ் என்னும் பெயர் முறையின் முதல் ஆவணங்களை வெளியிட்டார். அதற்குமுன் ஆர்ப்பாநெட் வலையமைப்பின் கணினிப் பெயர்கள் அனைத்தும், கலிபோர்னியாவில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையில் இயங்கிய ஓர் அலுவலகம் பராமரித்த ஒரே கோப்பில் இருந்தன. பெயர்கள் பெருகவே அம்முறை தாங்கவில்லை. புதிய முறையில் அவரவர் பெயர்களை அவரவரே காப்பர். தொலைவிலிருந்து யார் கேட்டாலும் கேள்வி அப்பெயரைக் காப்பவரிடமே வந்து சேரும். அவர் "இல்லை" என்றால், உலகம் முழுவதற்கும் அப்பெயர் இல்லை.

சட்டத்துக்கும் கணினிக்கும் இங்கே தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் நமக்குப் பாடம் ஒன்றே. இங்கே திருமுழுக்குப் பெற்றவனுக்காக விடை சொல்லும் ஏடு இங்குதான் உண்டு. நாசரேத்தில் வாழ்ந்த சூசையப்பரும் பெயர் பதிய முன்னோர் ஊராகிய பெத்லகேமுக்கு அன்றோ வரவேண்டியிருந்தது! அவ்வூரில் "இல்லை" என்று கேட்பவன் வேறு எங்கே போவான்?

இரவே அவனை அழைத்தோம். "தம்பி, உன் திருமுழுக்குப் பதிவு என் முன்னால் திறந்திருக்கிறது. உன் பெயரைக் கோடிட்டது என் தவறு. மன்னித்துக்கொள்" என்றோம். மறுமுனையில் நெடுநேரம் மௌனம். பிறகு, "ஃபாதர், நீங்களேவா கூப்பிடுறீங்க?" என்று தழுதழுத்த குரல் வந்தது.

திருமணம் மணமகளின் பங்கில் நடந்தது. சில வாரத்தில் அப்பங்கிலிருந்து அஞ்சலில் செய்தி வந்தது. பல ஆண்டு காத்திருந்த அந்த வெற்றிடத்தில் நமது கையாலேயே எழுதினோம். சிவப்பு மையை அதன்பின் தொடவில்லை.

இப்போது நமது கணினி ஏட்டில் நெடுநாள் தொடர்பற்ற பெயரை உடனே நீக்குவதில்லை. முதலில் தற்காலிகமாக நிறுத்திவைத்து, உரியவரை அழைத்துக் கேட்கிறோம். குடும்பப் பதிவேட்டிலும் அவ்வாறே; பென்சில் குறியிட்டு, ஒரு தொலைபேசி அழைப்பு.

அன்புள்ள பெற்றோரே, திருப்பூரிலும் சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் உழைக்கும் உங்கள் மக்களின் பெயரையும் எண்ணையும் உங்கள் பங்குத் தந்தையிடம் கொடுங்கள். 30 நாளுக்கு ஒருமுறை ஓர் இயந்திரமே தன் உறவைப் புதுப்பித்துக்கொள்கிறது. நீங்கள் பிள்ளைகளை இன்றிரவே அழையுங்கள். அவர்கள் பெயர் நமது ஏட்டில் இருக்கிறது என்று சொல்லுங்கள்.