நாலாம் தறிக்கு ஒன்றரை நொடி

எஃப்.பி.வி. ட்ரோன் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 2021 மார்ச்சில் வெளியான அந்த பௌலிங் வீடியோதான். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஒரு பௌலிங் கூடம். சாலையிலிருந்து உள்ளே நுழையும் ட்ரோன் ஆட்களின் தோளை உரசுவதுபோல் போய், பின்களை அடுக்கும் எந்திரத்துக்குள்ளும் புகுந்து வரும். ஒன்றரை நிமிடம், நடுவில் ஒரு வெட்டு கிடையாது. ஓட்டியவர் ஜே கிறிஸ்டென்சன். பார்த்த எல்லோரும் அவருடைய கைத்திறனைத்தான் பேசினார்கள். எனக்கு உறைத்தது வேறு. அதில் கேட்கிற பேச்சும் பந்துச் சத்தமும் பிறகு சேர்த்தவை. ட்ரோன் போடும் இரைச்சலில் வேறெதுவும் பதிவாகாது.

குமாரபாளையத்தில் என் மாமாவுக்கு ஒரு தறிப்பட்டறை. எட்டு விசைத்தறி, லுங்கி நெசவு. போன வருஷம் தையோடு நிறுத்திவிடுவதென்று முடிவெடுத்துவிட்டார். பழைய இரும்பு வியாபாரி வந்து பார்த்துவிட்டும் போயிருந்தார். கிலோ கணக்கில்தான் விலை. அதற்குள் எட்டும் ஓடும்போது ஒருமுறை எடுத்து வைக்க ஆசைப்பட்டேன். "போன்லயே எடுக்கலாமே மாப்ள" என்றார் மாமா. எடுக்கலாம்தான். ஆனால் சின்ன வயசில் அந்தப் பட்டறைக்குள் நான் நடந்ததே இல்லை, ஓடித்தான் பழக்கம். தறிக்கும் தறிக்கும் நடுவில் இரண்டடிச் சந்து. அந்த ஓட்டம் எனக்கு வேண்டியிருந்தது.

கல்யாண வீடுகளில் பார்க்கும் ட்ரோன் வேறு ஜாதி. குச்சியிலிருந்து கையை எடுத்தால் அது அந்தரத்தில் சமர்த்தாக நிற்கும். எஃப்.பி.வி.யில், அதுவும் ஆக்ரோ முறையில், அந்தத் தயவெல்லாம் கிடையாது. எந்தச் சாய்வில் விட்டோமோ அதே சாய்வில் போய்க்கொண்டே இருக்கும். கண்ணாடியை மாட்டிக்கொண்டால் அதன் கண்தான் நம் கண். 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதியைத் தடைசெய்தார்கள், உதிரிப் பாகங்களுக்குத் தடையில்லை. அதனால் என்னுடையது நானே சால்டர் செய்து கட்டியது. மூன்று அங்குல இறக்கை, சுற்றிலும் வளையம், ஒரு பேட்டரிக்கு நாலு நிமிடப் பறப்பு.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி ஒரு ஸ்க்ரூ. ட்ரோன் முன்னால் போக வேண்டுமென்றால் மூக்கைத் தாழ்த்த வேண்டும். தாழ்த்தினால் கேமரா தரையைப் பார்க்கும். ஆகவே கேமராவை முன்கூட்டியே கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்து முடுக்கிவிடுகிறோம். சாய்வு அதிகமென்றால் வேகமாகப் போகும்போதுதான் படம் நேராக இருக்கும். ஒரு காட்சி என்ன வேகத்தில் ஓடும் என்பது பறப்பதற்கு முன்பே, தரையில், ஒரு ஸ்க்ரூடிரைவரால் முடிவாகிவிடுகிறது. பட்டறைக்குப் பதினைந்து டிகிரி வைத்தேன்.

அடுத்தது வெளிச்சம். தெருவில் வெயில், உள்ளே ட்யூப்லைட். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய சோக் வைத்த ட்யூப்லைட் நொடிக்கு 100 தடவை மினுக்கும். ஷட்டரை 1/120-இல் வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக நிழல் ஓடும். 1/100, நொடிக்கு 50 ஃப்ரேம் என்று பூட்டினேன். அப்படிப் பூட்டிவிட்டால் தெருவும் பட்டறையும் ஒரே அளவு வெளிச்சமாக இருக்க வேண்டும். பொழுது சாய்ந்து ஒரு பத்து நிமிடம் மட்டும் அப்படி இருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு முயற்சி, மிஞ்சினால் மூன்று.

பாதை போட மாமாவோடு நடந்தேன். ட்ரோனை இடுப்பளவில் கையில் பிடித்துக்கொண்டு, அதன் கண் எதையெல்லாம் பார்க்கும் என்று கேட்டுக்கொண்டே. வாசல், தார் சுற்றும் இடம், நடுச் சந்து, நாலாம் தறியில் இடது திருப்பம், பாவுக்கு அடியில் நுழைந்து பின்சுவர் ஜன்னல் வழியாக வெளியே, கூரைக்கு மேலே, தூரத்தில் காவிரியும் அக்கரையில் பவானியும். மொத்தம் நாற்பது நொடி. நடக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று, மாமா ஒவ்வொரு தறியிடமும் நின்றதால். மூன்றாவதில் நாடா எகிறும், ஏழாவதில் மோட்டார் மாற்றியது. நாலாவது அவர் சொந்தமாக வாங்கிய முதல் தறி. அதுவரை கூலிக்கு ஓட்டியவர். சத்தத்தை வைத்தே எது நின்றது என்று வீட்டிலிருந்து சொல்லிவிடுவார். அந்தச் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்துகொண்டேன், ஒவ்வொரு தறிக்கும் பத்து நிமிடம்.

தறி ஓட்டுகிற இரண்டு பேரும் எங்கே நிற்பது, எப்போது நகரக்கூடாது என்று பேசிவைத்தோம். "பஞ்சு கெளம்புமுங்க" என்றார் ஒருவர். கிளம்பியது. இறக்கைக் காற்று பட்டதும் வருஷக்கணக்காக மூலைகளில் படிந்திருந்த பஞ்செல்லாம் எழுந்து ட்யூப்லைட் வெளிச்சத்தில் மிதந்தது. திரையில் அழகுதான், பனி மாதிரி. அதே பஞ்சு மோட்டாருக்குள் நூலாகச் சுற்றிக்கொண்டதால், ஒவ்வொரு பறப்புக்குப் பிறகும் உட்கார்ந்து இடுக்கியால் பிடுங்கிக்கொண்டிருந்தேன். இருமிக்கொண்டே அவர்கள் சிரித்தார்கள். தினமும் பன்னிரண்டு மணி நேரம் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். வீடியோவை இன்ஸ்டாகிராமில் போட்டால் யாராவது "மேஜிக்கல்" என்று எழுதுவார்கள் என்று அப்போதே தெரிந்தது. போடவில்லை.

மூன்றாம் நாள், ஏழாவது பறப்பு சரியாக அமைந்தது. கைரோஃப்ளோவில் நடுக்கத்தை எடுத்து, தறிச் சத்தத்தைச் சேர்த்து, டிவியில் போட்டுக் காட்டினேன். மாமா இரண்டு தடவை பார்த்தார்.

"நாலாந்தறிகிட்ட கொஞ்சம் நின்னிருக்கலாம்ல மாப்ள?"

ஒன்றரை நொடி. எண்ணிப் பார்த்தேன். ஸ்க்ரூ கதையை அவருக்கு விளக்கினேன்: கேமரா சாய்ந்திருப்பதால் இது ஓடினால்தான் நேரே பார்க்கும், நின்றால் கூரையைப் பார்க்கும்.

"அப்ப கேமராவ மட்டும் கழட்டி வை" என்றார்.

கழற்றி, தார்ப்பெட்டி மேல் நாலாம் தறிக்கு எதிரே வைத்தேன். பேட்டரி தீரும்வரை ஓடியது. அந்தப் பதிவில் ஊடை நூல் இரண்டு முறை தீர்கிறது. இரண்டு முறையும் மாமாவின் கை மட்டும் ஃப்ரேமுக்குள் வந்து நாடாவை மாற்றிவிட்டுப் போகிறது.